வேண்டாத தொலைபேசி அழைப்புகள்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எடுக்காமலே விட்டுவிடலாம். அதனால் அவருக்குப் பெரிய நஷ்டம் ஏற்படுவதில்லை. நம் அங்கத்தினர்கள் அவ்வாறு செய்வதற்கில்லை. வாழைத்தார் விலை பேசும் வியாபாரி இன்று ஓர் எண்ணிலிருந்தும் நாளை வேறோர் எண்ணிலிருந்தும் அழைப்பார். சேலைக் கட்டுகளை ஏற்றிச் செல்லும் வண்டியோட்டி, வழியில் யாரோ ஒருவருடைய கைபேசியை வாங்கிப் பேசுவார். புதிதாக வரும் வாடிக்கைக்காரரின் எண் நம்மிடம் இருக்கப் போவதில்லை. ஆகவே, மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் நெசவாளரும் விவசாயியுமே. எடுத்துப் பார்த்தாலோ, உயிரற்ற ஒரு பதிவுக் குரல் கடன் வேண்டுமா என்றும், வீட்டுமனை வேண்டுமா என்றும், காப்பீடு எடுத்துவிட்டீர்களா என்றும் கேட்கத் தொடங்குகிறது.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நெசவாளருக்கு நாளொன்றுக்கு இத்தகைய அழைப்புகள் ஐந்து வருவதாகவும், ஒவ்வொரு தடவையும் நாடாவை நிறுத்தி, மிதியிலிருந்து காலை எடுத்து, கைபேசியைப் பார்த்து வைத்துவிட்டு, மீண்டும் அமர்ந்து நெய்யத் தொடங்க மூன்று நிமிஷம் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 15 நிமிஷம் ஆகிறது. மாதத்தில் 25 வேலை நாட்களுக்கு 375 நிமிஷம், அதாவது ஆறேகால் மணி நேரம். கூலிக்கு நெய்பவருக்கு இது ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு. கவனம் சிதறியதால் அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கும் நேரத்தை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை. பம்புசெட்டை நிறுத்த வரப்பில் விரைந்துகொண்டிருக்கும் விவசாயியின் சங்கடமும் இதற்குக் குறைந்ததன்று. எனவே இதனை அற்ப விஷயமென்று ஒதுக்குவதற்கில்லை.

இந்தக் குரல் நம்மை எவ்வாறு தேடி வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். ஒரு கணிப்பொறியில் பெருந்தொகையான தொலைபேசி எண்கள் ஏற்றப்பட்டிருக்கும். அக்கணிப்பொறி, மனிதர் கைபடாமலே, ஒரே சமயத்தில் பல எண்களை அழைக்கும். எடுத்தவருக்கு முன்னரே பதிவு செய்து வைத்த பேச்சை ஒலிக்கச் செய்யும். இது ஒரு வகை. மற்றொரு வகையில், பேசுவதற்கு ஊழியர்கள் சிலர் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் சும்மா இருக்கலாகாது என்பதற்காக, இயந்திரம் ஊழியர்களின் எண்ணிக்கையைவிட அதிகமான பேரை ஒருசேர அழைக்கும். யார் முதலில் எடுக்கிறாரோ அவரை ஓய்வாக இருக்கும் ஊழியருடன் இணைக்கும். எல்லா ஊழியரும் பேசிக்கொண்டிருந்தால், எடுத்தவர் வெறும் மௌனத்தையே கேட்பார். ‘யார் பேசுவது?’ என்று பல முறை கேட்டும் பதிலின்றி அணைந்துபோகும் அழைப்புகளிற் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அங்கத்தினர்கள் அதுகுறித்து அஞ்ச வேண்டியதில்லை.

இயந்திரம் வேறொரு காரியமும் செய்கிறது. எந்த எண் உயிரோடிருக்கிறது, எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது, எடுத்தவர் எவ்வளவு நேரம் கேட்டார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்கிறது. ‘விருப்பமானால் ஒன்றை அழுத்துக, இனி அழைக்க வேண்டாமெனில் இரண்டை அழுத்துக’ என்று முன்பின் அறியாத குரல் கூறும்போது, நம்மவர்கள் தொல்லை ஒழிந்தால் போதுமென்று இரண்டை அழுத்திவிடுகிறார்கள். நேர்மையான கம்பெனியாயின் அதனால் பயன் உண்டு. நேர்மையற்றதாயின், ‘இவ்வெண்ணில் ஒருவர் இருக்கிறார், சொன்னதைக் கேட்டுப் பொத்தானும் அழுத்துகிறார்’ என்ற செய்தியே அவர்களுக்குக் கிடைக்கிறது. அடுத்த அழைப்பு வர நெடுநாள் ஆகாது. அறியாத பதிவுக் குரலைக் கேட்டவுடன் ஒன்றும் பேசாமல், ஒன்றும் அழுத்தாமல் வைத்துவிடுவதே உத்தமம். அதைத் திட்டுவதாலும் பயனில்லை. தொண்டை வலியே மிச்சமாகும்.

இயந்திரக் குரல் யாவும் தீயதென்று நாம் கூற வரவில்லை. 2007-ல் இஃப்கோ உரக் கூட்டுறவு நிறுவனம், ஏர்டெல் கம்பெனி முதலியவற்றுடன் சேர்ந்து தொடங்கிய கிசான் சஞ்சார் என்னும் அமைப்பு, பயிர் பாதுகாப்பு, சந்தை நிலவரம் முதலியவற்றை விவசாயிகளின் கைபேசிக்குப் பதிவுக் குரலாகவே அனுப்பி வந்தது. எழுதப் படிக்க இயலாதவருக்கும் அது பயன்பட்டது. கேட்பவர் விரும்பிப் பெறும் குரலுக்கும், கேளாமல் வந்து விழும் குரலுக்கும் உள்ள வேறுபாடே ஈண்டு முக்கியமானது. சட்டமும் அந்த வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் இவ்விஷயத்தை மேற்பார்ப்பது, டிராய் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அது 2007-லேயே முதல் விதிகளை வகுத்தது. 2010-ல் அவை மாற்றி எழுதப்பட்டன. 2018 ஜூலையில் வந்த விதிகளே, 2025 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தங்களுடன், இப்போது வழங்கி வருகின்றன. இவற்றின்படி, பதிவு பெற்ற விளம்பரக்காரர்கள் தங்கள் விளம்பர அழைப்புகளை 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தே செய்ய வேண்டும். பாங்குகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் நம் கணக்கு சம்பந்தமாக அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பாங்குகள் இவ்வெண்களையே உபயோகிக்க வேண்டுமென்று ரிசர்வ் பாங்கும் 2025 ஜனவரியில் சுற்றறிக்கை அனுப்பியது. அவ்வாண்டு நவம்பரில் டிராய் இதற்குக் கெடு விதித்தபோது, வர்த்தக பாங்குகளுக்கு 2026 ஜனவரி முதல் தேதியும், கூட்டுறவு பாங்குகளுக்கு மார்ச் முதல் தேதியும் குறிக்கப்பட்டன.

ஆகவே, மணி அடித்ததும் எண்ணின் தலைப்பைப் பார்க்கும் வழக்கத்தை அங்கத்தினர்கள் கைக்கொள்வார்களாக. 140 என்றிருந்தால் அது விளம்பரம். எடுக்காவிட்டால் நஷ்டமில்லை. 1600 என்றிருந்தால் பெரும்பாலும் கணக்குப் பற்றிய செய்தி. ஆனாலும் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை எண்ணையோ, ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணையோ எவர் கேட்டாலும் சொல்லலாகாது. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து ஒருவர் தம்மை பாங்கு அதிகாரி என்று சொல்லிக்கொண்டால், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சந்தேகிக்க வேண்டியதே.

இனி, விளம்பர அழைப்புகளே வேண்டாமென்று பதிவு செய்யும் முறையைக் கூறுவோம். நாம் எந்தக் கம்பெனியின் இணைப்பை வைத்திருந்தாலும் 1909 என்ற எண்ணை அழைத்து, கேட்கும் விவரங்களுக்குப் பதிலளித்துப் பதியலாம். குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவர்கள், ஆங்கில எழுத்துகளில் ‘ஸ்டார்ட்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 0 என்ற இலக்கத்தைச் சேர்த்து அதே 1909-க்கு அனுப்பலாம். எல்லா விளம்பரங்களும் தடை செய்யப்படும். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. எல்லாவற்றையும் தடுக்க மனமில்லாதவர்கள் பிரிவு பிரிவாகவும் தடுக்கலாம். பாங்கு மற்றும் நிதி, வீட்டுமனை, கல்வி, சுகாதாரம், நுகர்பொருளும் வாகனமும், செய்தித்தொடர்பும் பொழுதுபோக்கும், சுற்றுலா, உணவு என்று எட்டுப் பிரிவுகள் உள்ளன. பதிவுக் குரல் அழைப்பு மட்டும் வேண்டாமென்றும், இன்ன நேரத்தில் அழைக்கக் கூடாதென்றும் தெரிவிக்கவும் விதியில் இடமுண்டு. நம்மவர்க்கு இத்தனை நுட்பம் அவசியமில்லை. முழுத் தடையே போதுமானது என்பது நம் அபிப்பிராயம்.

முழுத் தடை செய்தால் பாங்கிலிருந்து வரும் பணவரவுச் செய்தியும், அரசாங்கத்தின் வானிலை எச்சரிக்கையும் நின்றுபோகுமோ என்று அஞ்சுகிறவர்கள் பலர். அவ்வச்சம் தேவையற்றது. தடை விளம்பரத்துக்கு மாத்திரமே. கணக்குச் செய்திகளும் அரசாங்க அறிவிப்புகளும் முன்போலவே வரும்.

பதிந்த பிறகும் அழைப்புகள் முற்றும் ஒழிந்துவிடும் என்று நாம் வாக்களிக்க இயலாது. தடைக்குக் கட்டுப்படுபவர்கள் பதிவு பெற்ற விளம்பரக்காரர்கள். பதிவே இல்லாமல், சாதாரணக் கைபேசி எண்களை வாங்கி, அவற்றிலிருந்து இயந்திரத்தால் அழைப்பவர்களே இன்று பெருந்தொல்லை தருகிறார்கள். இவர்களை அடக்க டிராய் 2024 ஆகஸ்டில் ஒரு கடுமையான ஆணை பிறப்பித்தது. அடுத்த மாதத் தொடக்கத்திற்குள் 50-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்றும், 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன என்றும் அவ்வாணையமே அறிவித்தது. தொல்லை குறைந்ததே தவிர ஒழியவில்லை. ஓர் எண்ணை இழந்தவர் இன்னோர் எண்ணை வாங்கிக்கொள்கிறார்.

விளம்பரத்துடன் நில்லாமல் பணத்தையே பறிக்க வரும் குரல்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘உங்கள் தொலைபேசி இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரமறிய ஒன்பதை அழுத்துக’ என்று ஒரு பதிவுக் குரல் வருவதுண்டு. டிராயின் பெயரையோ தொலைத்தொடர்புத் துறையின் பெயரையோ அது சொல்லும். அத்தகைய அழைப்புகளைத் தாங்கள் செய்வதேயில்லை என்று அவ்விரு அமைப்புகளும் பகிரங்கமாக அறிவித்திருக்கின்றன. ஒன்பதை அழுத்தினால், போலீஸ் அதிகாரி போலப் பேசும் மோசக்காரரிடம் அழைப்புப் போய்ச் சேரும். நட்சத்திரக் குறியும் 401-ம் அடித்து ஓர் எண்ணைச் சேர்க்கச் சொல்வது மற்றொரு சூழ்ச்சி. அவ்வாறு அடித்தால் நமக்கு வர வேண்டிய அழைப்புகள் எல்லாம் அவருக்குத் திரும்பிவிடும். பாங்கு நமக்குக் குரலாகச் சொல்லும் ஒருமுறை எண்ணும் அவர் காதுக்கே போகும். இம்முறையில் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதற்கு இதுவே காரணம்.

வெளிநாட்டிலிருந்து அழைத்துக்கொண்டே, நம் நாட்டு எண் போலத் திரையில் தோன்றச் செய்யும் வித்தையும் இவர்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில் இதைத் தடுக்கும் சாதனம் நிறுவப்பட்டபோது, முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசாங்கம் தெரிவித்தது. திரையில் தெரியும் எண் ஒன்றையே நம்பி ஒருவரை நிச்சயிக்கக் கூடாது என்பது இதனால் விளங்கும். உழவர் உதவித்தொகை நின்றுவிடும், நெசவாளர் கடன் தள்ளுபடியாகும் என்றெல்லாம் குரல் வந்தால், அழைப்பை வைத்துவிட்டுச் சங்க அலுவலகத்திலோ பாங்கிலோ நேரில் விசாரிப்பதே முறை. பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் நிறுத்திவைக்க முடிந்தால்தான் மீட்க வழியுண்டு. பணம் போகவில்லை, மோசடி முயற்சி மட்டுமே என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம்.

நிற்க. புகார் செய்வதைப் பற்றி நம் அங்கத்தினரிடையே ஓர் அலட்சியம் இருக்கிறது. ‘நாம் ஒருவர் எழுதி என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விதியிலேயே விடை இருக்கிறது. 2025 திருத்தத்தின்படி, பதிவு பெறாத ஓர் எண்ணுக்கு எதிராகப் பத்து நாட்களுக்குள் ஐந்து வெவ்வேறு நபர்களின் புகார்கள் சேர்ந்தால், அதன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். முன்னர் இது ஏழு நாட்களில் பத்துப் புகார்கள் என்றிருந்தது. நடவடிக்கைக்கான காலமும் 30 நாளிலிருந்து ஐந்து நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஒருவரே ஐந்து முறை எழுதினால் ஐந்தாகாது. ஐந்து பேர் வேண்டும். பட்டணத்து அடுக்குமாடியில் ஐந்து பேரைச் சேர்ப்பது கடினம். அடுத்த வீட்டுக்காரர் யாரென்றே அங்கே தெரியாது. நமக்கோ ஒரே தெருவில் இருபது தறிகள் உண்டு. இயந்திரமும் பெரும்பாலும் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக அழைக்கிறது. காலையில் ஒருவருக்கு வந்த அதே எண் பிற்பகலில் அடுத்த வீட்டுக்கும் வரக்கூடும்.

புகாரை அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் செய்ய வேண்டும். மூன்று நாள் என்றிருந்ததையும் இத்திருத்தமே நீட்டியது. பதிவு பெறாதவர்மீது புகார் செய்ய, முன்னதாகத் தடை பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இப்போது இல்லை. 1909-ஐ அழைத்துச் சொல்லலாம். குறுஞ்செய்தியாயின், வந்த செய்தி இன்னதென்று சுருக்கமாக எழுதி, காற்புள்ளி இட்டு, அழைத்தவரின் எண்ணையும், மறுபடி காற்புள்ளி இட்டு, தேதி மாதம் ஆண்டு என்ற வரிசையில் தேதியையும் எழுதி 1909-க்கு அனுப்ப வேண்டும். டிராய் வெளியிட்டுள்ள டி.என்.டி. செயலியிலும் புகார் பதியலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நிமிஷ வேலை.

சங்க அலுவலகத்தில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வைத்தால் இவ்வேலை மிகவும் எளிதாகும். நூல் வாங்கவும், நெய்த சரக்கைக் கொடுக்கவும், பால் பணம் பெறவும் வரும் அங்கத்தினர், தமக்கு வந்த தொல்லை எண்ணையும் தேதியையும் அதில் குறித்துவிட்டுப் போகலாம். ஒரே எண் இரண்டு மூன்று பேர் கையெழுத்தில் காணப்பட்டால், குமாஸ்தா அதனைச் சிவப்பு மையால் கோடிட்டு, மற்றவர்க்கும் அவ்வழைப்பு வந்ததா என விசாரித்து, வந்தவர்களை அன்றே புகார் செய்யச் சொல்லலாம். ஒருவர் சார்பில் மற்றொருவர் புகார் செய்வது செல்லாது. அழைப்பு வந்த அதே எண்ணிலிருந்து அவரவரே செய்ய வேண்டும். அழைப்பே வராதவரைப் புகார் செய்யத் தூண்டுவதும் கூடாது. நியாயமாக வியாபாரம் செய்யும் ஒருவரின் இணைப்பு அதனால் அறுபட நேரும்.

குற்றம் ருசுவானால் தண்டனை சிறியதன்று. முதல் தடவை, அவ்விணைப்புகளிலிருந்து வெளியே அழைக்கும் வசதி 15 நாட்களுக்கு நிறுத்தப்படும். மறுபடியும் செய்தால், எல்லாக் கம்பெனிகளிலும் உள்ள அவருடைய இணைப்புகள் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும்.

இத்தண்டனை விதியை நம் சங்கங்களின் காரியதரிசிகளும் நிர்வாகக் குழுவினரும் ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஏனெனில் அது நமக்கும் பொருந்தும். தீபாவளித் தள்ளுபடி விற்பனையை ஊரெல்லாம் அறிவிக்க வேண்டுமென்ற ஆசையில், யாரோ ஓர் இளைஞர் கொண்டுவந்த மென்பொருளைச் சங்கக் கைபேசியில் ஏற்றி, ஆயிரம் பேருக்குப் பதிவுக் குரலை அனுப்புவது எளிது. அதற்குச் செலவும் சொற்பமே. ஆனால் பதிவின்றி அவ்வாறு செய்தால், நாமும் வேண்டாத அழைப்பு விடுப்பவர்களாகிவிடுகிறோம். ஐந்து பேர் புகார் செய்தால், விற்பனை மும்முரமாக நடக்கும் அந்தப் பதினைந்து நாட்களும் சங்கத்துத் தொலைபேசி ஊமையாகிவிடும். விளம்பரம் செய்ய விரும்பும் சங்கம், தொலைத்தொடர்புக் கம்பெனி ஒன்றின் வழியாகத் தன்னை முறைப்படி பதிவு செய்துகொண்டு, 140 எண்ணின் மூலமே அழைக்க வேண்டும். அப்போதும் தடை பதிந்தவர்களை விட்டுவிட வேண்டும். அத்தனை சிரமம் எதற்கு என்று கருதும் சிறு சங்கங்கள், கடைவாசலில் தட்டியும், தெருவில் தண்டோராவும் போட்டுக்கொள்ளலாம். அவை இன்னும் செல்லாத காசாகிவிடவில்லை.

கடைசியாக, எண்கள் எங்கிருந்து வெளியே போகின்றன என்ற கேள்வி இருக்கிறது. பொருட்காட்சியில் பரிசுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது, கடைகளில் பில் போடும்போது சொல்வது, இணையத்தில் கடன் தகுதி பார்ப்பதாக நிரப்புவது எனப் பல வழிகள். இவற்றைத் தனிமனிதர் தாமே அடக்கிக்கொள்ளலாம். ஆனால் நம் சங்கங்களில் அங்கத்தினரின் பெயர், முகவரி, பாங்குக் கணக்கு, கைபேசி எண் யாவும் ஒரே ஏட்டில் உள்ளன. வியாபாரிக்கு இதைவிடச் சிறந்த பட்டியல் கிடைக்காது. காப்பீட்டு ஏஜெண்டு ஒருவர் வந்து, ‘அண்ணாச்சி, அந்த லிஸ்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறேன்’ என்று கேட்டால், முகதாட்சண்ணியத்துக்காகக் கொடுத்துவிடும் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். 2023-ல் பாராளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ஒரு காரியத்துக்காகச் சம்மதம் பெற்று வாங்கிய விவரத்தை, வேறு காரியத்துக்கு உடையவர் சம்மதமின்றி உபயோகிக்கலாகாது என்பது அதன் அடிப்படை. கணிப்பொறியில் வைத்திருக்கும் அங்கத்தினர் ஏட்டைத் திறக்கக் கடவுச்சொல் இருக்க வேண்டும். அதை மேஜைக் கண்ணாடியின் அடியில் எழுதி வைக்கும் பழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. அது ஒழிய வேண்டும். அறிவிப்புப் பலகையில் நிலுவைதாரர் பட்டியலைக் கைபேசி எண்ணுடன் ஒட்டும் வழக்கமும் அத்தகையதே. பொதுக்குழுக் கூட்டத்துக்கு அச்சிடும் அங்கத்தினர் பட்டியலில் பெயரும் அங்கத்தினர் எண்ணும் இருந்தால் போதும். கைபேசி எண்ணுக்கென்று தனி வரிசை தேவையில்லை.